ஹெரால்டின் பின்சக்கரம்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால் சக்கரங்கள் நேராகத் தொங்காது. கீழ்விளிம்பு உள்ளே போகும், மேல்விளிம்பு வெளியே விரியும். முதன்முதலாகப் பார்ப்பவர் அச்சு உடைந்துவிட்டது என்றே நினைப்பார். காரை இறக்கி வைத்த பிறகும் சக்கரம் உடனே நிமிராது. கொஞ்ச தூரம் உருட்டினால்தான் தன் நிலைக்கு வரும். சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டிய ஆலையிலிருந்து 1961 முதல் வெளிவந்த இந்தக் காருக்குப் புகழ் தேடித் தந்ததில் அதன் அழகுக்குப் பங்கு உண்டு. கெட்ட பெயர் வாங்கித் தந்தது பெரும்பாலும் அந்தப் பின்சக்கரம்.

அந்தக் கெட்ட பெயரில் பாதி நியாயமானது. மீதிப் பாதி, தவறான வில்பட்டையைத் தவறான இடத்தில் போட்டதால் வந்தது. ஒரு காரை உயர்த்துவதோ தாழ்த்துவதோ ஒரே ஒரு உதிரிபாகத்தோடு முடிகிற வேலை அல்ல. தமிழ்நாட்டில் அதை ஹெரால்ட் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் கார் வேறு இல்லை.

வில் என்ற பொருள் தெற்குச் சீமைக்குக் காரோடு வந்ததல்ல. லண்டனில் ஒபதயா எலியட் என்பவர் 1804இல் நீள்வட்ட வடிவ எஃகு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில் வண்டி திருநெல்வேலிச் சீமையிலும் மலைக்கு அப்பால் திருவிதாங்கூரிலும் வசதி படைத்தவர்களின் வாகனமாகிவிட்டது. அச்சில் நேரடியாக உட்கார்ந்திருக்கும் பார வண்டியில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். வில் வண்டியில் தெரியாது. அந்தச் சுகம் யாருக்கு உண்டு, யாருக்குக் கூடாது என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி வில் வண்டி ஒன்றை வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். கேரள வரலாற்றில் அது வில்லுவண்டி யாத்திரை என்றே நிற்கிறது.

வில் வண்டியிலிருந்து லாரிக்கு அந்தச் சீமை வந்த வழியை ஆலங்குளத்தில் பார்க்கலாம். ஆலங்குளம் அமைந்திருப்பது திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்ட ரயில்பாதை அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் மலைக்கு அப்பால் கொல்லத்துக்கும் போய்விட்டது. சீதபற்பநல்லூர், மாறாந்தை, ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்ற இந்த வரிசைக்குச் சாலைதான் கதி. முதலில் மாட்டுவண்டி, பிறகு பஸ், பிறகு லாரி. இதே சீமையில் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பஸ் தொழிலில் இறங்கியது 1910களின் தொடக்கத்தில். அவர் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம் பின்னால் வாகன உதிரிபாகத் தயாரிப்பில் நாட்டின் முன்னணிப் பெயர்களில் ஒன்றானது.

பஸ்ஸும் லாரியும் ஓடுகிற சாலையில் பட்டை வேலை செய்கிறவர் இல்லாமல் முடியாது. உடைந்த மெயின் பட்டையை எடுத்துவிட்டு வேறு போடுவது, தளர்ந்த பட்டையைச் சூடேற்றி அடித்து வளைவு ஏற்றுவது, சென்டர் போல்ட்டும் யு போல்ட்டும் மாற்றுவது, பாரம் கூடினால் இன்னொரு பட்டை சேர்ப்பது: தென்மாவட்டச் சாலையோரப் பட்டறைகளில் இதுதான் கைவந்த கலை. தேய்ந்து போன லாரிப் பட்டையும் வீணாவதில்லை. கொல்லுப்பட்டறையில் அதைக் காய்ச்சி அடித்து அரிவாள் ஆக்குவார்கள். லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் என்றால் இன்றும் சந்தையில் மதிப்பு, ஏனென்றால் சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த அந்த எஃகு விளிம்பை நெடுநாள் காக்கும். லாரிப் பாரத்துக்குப் பழகிய இந்தக் கைகளிடம்தான் 1960களில் ஹெரால்டும் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உருவாகி 1959 ஏப்ரலில் அறிமுகமான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அன்றைய புதுக் கார்கள் பலவும் சேசிஸ் இல்லாத ஒற்றை உடல் அமைப்புக்கு மாறிக்கொண்டிருக்க, ஹெரால்ட் தனி சேசிஸோடு வந்தது. ட்ரையம்ஃபைத் தன்னிடம் வைத்திருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு உடல்பாகம் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1950களில் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போகவே, துண்டு துண்டாகச் செய்து சேசிஸின் மேல் போல்ட் போட்டு இறுக்கும் முறைக்குப் போனார்கள். கட்டாயத்தில் எடுத்த அந்த முடிவு இந்தியாவுக்கு வசதியாக அமைந்தது. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவால், தகடு அழுத்தும் பெரிய எந்திரங்கள் இல்லாமலே இந்தக் காரைப் படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களால் கட்ட முடிந்தது. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டை வண்டலூர் ஆலை உருவாக்கியது.

முன்சக்கர அமைப்பில் குறை சொல்ல இடமில்லை. இரட்டை விஷ்போன், சுருள் வில், ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங். ஏறக்குறைய 25 அடி விட்டத்துக்குள் வட்டமடிக்கும்; குறுகிய தெருவில் அம்பாசடர் திணறும் இடத்தில் இது ஒரே மூச்சில் திரும்பிவிடும்.

பின்னால்தான் சிக்கல். டிஃபரன்ஷியல் சேசிஸோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் ஒவ்வொரு அரை அச்சு, உள்முனையில் மட்டும் மூட்டு வைத்து, பறவையின் சிறகாக மேலும் கீழும் அசையும். இரு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பட்டைக்கட்டு, காரின் குறுக்கே. மெதுவாகப் போகும்போது இந்த அமைப்பு லாரி மாதிரி உதைக்காது, மேடுபள்ளத்தை மென்மையாக வாங்கிக்கொள்ளும். ஆனால் வேகமாக ஒரு வளைவில் திரும்பி, நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்புறச் சக்கரம் காருக்கு அடியில் மடியும். டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொடும். பின்பக்கம் சட்டென்று வெளியே வீசும்.

இது ஹெரால்டின் தனிக்குறையும் அல்ல. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷே 356, மெர்சிடஸின் பல மாதிரிகள் எல்லாம் இதே சிறகு அச்சில் ஓடியவை. அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் காரின் பின்அச்சைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ரால்ஃப் நேடர் 1965இல் வெளியிட்ட புத்தகம், வாகனப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கே ஒரு காரணமாயிற்று.

தென்மாவட்டப் பட்டறைகளுக்குத் தெரிந்த மருந்து, பின்பக்கம் தொய்ந்தால் ஒரு பட்டை சேர்ப்பது. அம்பாசடரிலும் ஃபியட்டிலும் அது வேலை செய்யும். அங்கே பின்அச்சு ஒரே முழுத்தண்டு. கார் எவ்வளவு உயர்ந்தாலும் சக்கரம் தரைக்குச் செங்குத்தாகவே நிற்கும். ஹெரால்டில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் காரின் பின்பக்கம் ஏறும், சக்கரங்கள் உள்நோக்கி மடியத் தொடங்கும். ஜாக்கி போட்டால் எந்த நிலைக்குப் போகுமோ அந்த நிலைக்குப் பாதி வழி நிரந்தரமாகவே போய்விடும். பாரம் தாங்குவதற்காகச் செய்த வேலை, வளைவில் காரைக் கவிழ்க்கும் வேலையாக முடியும். மெக்கானிக்கை இதில் குற்றம் சொல்வது நியாயமில்லை. நூறு லாரிகளில் சரியாக இருந்த பாடம் நூற்றியோராவது வண்டியில் தலைகீழாகும் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எதிர்த்திசையில் போனவர்கள் பந்தயக்காரர்கள். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தியது. ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் அங்கே கூடிய கூட்டம் தமிழ்நாட்டின் மோட்டார் பந்தய ரசனையை வளர்த்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் திறக்கும்வரை சோழவரம்தான் எல்லாம். ஃபியட், ஹெரால்ட் போன்ற சாதாரண வீட்டுக் கார்களைப் பிரித்து, எடை குறைத்து, தாழ்த்தி ஓட்டினார்கள். பெரும்பாலான கார்களைத் தாழ்த்தினால் ஒன்று கிடைக்கும், ஒன்று போகும். சிறகு அச்சுக் காரில் தாழ்த்துவதே வைத்தியம். பின்பக்கம் இறங்கும்போது சக்கரத்தின் மேல்விளிம்பு சற்றே உட்புறம் சாய்கிறது. வளைவில் அது மடிவதற்குள் இருக்கும் இடைவெளி கூடுகிறது. டயரின் முழு அகலமும் தரையைப் பிடிக்கிறது. ஹெரால்டைத் தாழ்த்திய கைகள் அழகுக்காக மட்டும் தாழ்த்தவில்லை.

எப்படித் தாழ்த்துவது என்பதில்தான் நல்ல வேலையும் கெட்ட வேலையும் பிரிகின்றன. மலிவான வழி, முன்பக்கச் சுருள் வில்லில் ஒரு சுற்றை கேஸ் வைத்து அறுப்பது. எட்டுச் சுற்று வேலை செய்யும் வில்லில் ஒன்றை அறுத்தால் மீதி ஏழும் ஏறக்குறைய 14 சதவீதம் விறைக்கும். உயரம் குறைய, விறைப்பு கூடும், இதுவரை சரி. ஆனால் சுடர் பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். உடைவது அந்த இடத்தில்தான், அதுவும் இரைச்சலோடு நடுரோட்டில். பின்பக்கம், பட்டையைச் சூடேற்றித் தட்டையாக்குவதும் அப்படியே: மறுபடி எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்றாவிட்டால் சில மாதங்களில் தொய்ந்துவிடும். இன்னொரு தவறு, மெலிந்த பட்டைகளை எடுத்துவிட்டுத் தடித்ததாக ஒன்றிரண்டு போடுவது. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். ஆறு மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் ஏழு மில்லிமீட்டர் பட்டை போட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டரால் விறைப்பு ஏறக்குறைய அறுபது சதவீதம் கூடிவிடுகிறது.

நல்ல வழி, டிஃபரன்ஷியலுக்கும் பட்டைக்கட்டுக்கும் நடுவே ஒரு தாழ்த்தும் பிளாக் வைப்பது. பட்டை மேலே ஏற, கார் கீழே இறங்கும். பட்டையின் பதத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் பட்டையைப் பிடிக்கும் ஸ்டட்களும் அதே அளவு நீளமாக இருக்க வேண்டும். பழைய ஸ்டட்டில் இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்த நட்டை நம்பி யாரும் மலையிறங்கக் கூடாது.

அந்தப் பின்அச்சுக்கு முறையான விடையை ட்ரையம்ஃப் நிறுவனமே கண்டது, கொஞ்சம் தாமதமாக. ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி 1962இல் உருவான இரட்டை இருக்கை ஸ்பிட்ஃபயரும் 1966இல் வந்த ஆறு சிலிண்டர் ஜி.டி.6 காரும் அதே சிறகு அச்சில்தான் ஓடின. வேகம் கூடியபோது புகாரும் கூடியது. 1968இல் ஜி.டி.6 காருக்குக் கீழ் விஷ்போனும் ரப்பர் இணைப்பும் வைத்து முழுதாக மாற்றினார்கள். நன்றாக இருந்தது, செலவு அதிகம். 1970இல் ஸ்பிட்ஃபயர் நான்காம் மாதிரிக்கு வந்த தீர்வு எளிமையின் உச்சம். பட்டைக்கட்டில் அடிப்பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மேலுள்ள பட்டைகளை ஒரு பெட்டிக்குள் ஊசலாட விட்டார்கள். கார் ஒருபக்கம் சாயும்போது அந்தப் பட்டைகள் எதிர்க்காமல் ஊசலாடும். பின்பக்கம் எழும்பிச் சக்கரம் மடிவது பெருமளவு அடங்கியது. ஆனால் இதனால் பின்பக்கத்தின் சாய்வுத் தடுப்பு குறைந்தது. அதை ஈடுகட்ட முன்பக்கம் ஆன்டி ரோல் பாரைத் தடிப்பாக்கினார்கள். பின்பக்கப் பட்டையை மட்டும் வாங்கிப் போட்டு, முன்பக்கப் பாரைப் பழையபடி விட்டால், கார் வளைவில் தொட்டிலாடும். தொழிற்சாலையே இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றியது.

வண்டலூர் வேறு வழியில் போனது. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் வாரிசாக வந்த ஸ்டாண்டர்ட் கஸல், அதே 948 சிசி இன்ஜினோடு, பின்பக்கம் முழுத்தண்டு அச்சு வைத்துக்கொண்டது. இந்திய வாடிக்கையாளருக்கும் மெக்கானிக்குக்கும் சிறகு அச்சு பிடிக்கவில்லை என்பதே காரணம். வியாபாரக் கணக்கில் அது சரியான முடிவு. எந்த ஊர்ப் பட்டறையிலும் பட்டை சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஊசல் பட்டை என்ற மலிவான விடை அப்போதே கவென்ட்ரியில் தயாராக இருந்தது. அதைக் கொண்டுவந்து, மெக்கானிக்குகளுக்குப் பழக்கியிருந்தால் நான்கு சக்கரமும் தனித்தனியே அசையும் ஒரே இந்தியச் சிறு கார் தொடர்ந்திருக்கும். கஸலின் உற்பத்தி 1977இல் நின்றது. 1985இல் ரோவர் எஸ்.டி.1 உடலை உயர்த்திக் கட்டி, பழைய வேன்கார்ட் காரின் வழிவந்த இன்ஜின் போட்டு ஸ்டாண்டர்ட் 2000 என்று கொண்டுவந்தார்கள். விலை ஏறிக் கிடந்தது, பெட்ரோல் குடித்தது, 1988இல் முடிந்தது.

ஆலை மூடிய பிறகும் கிடங்கு நிறைய உதிரிபாகம் கிடந்தது. 2006இல் நீதிமன்ற ஆணைப்படி எல்லாம் ஏலத்துக்கு வந்தபோது, பயன்படுத்தப்படாத எஸ்.டி.1 பாகங்களை வாங்கியது இங்கிலாந்தின் லிங்கன் நகரை ஒட்டிய ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம். அங்கே பழைய காரைக் காப்பாற்றுகிறவர்களுக்காக, வண்டலூரில் கிடந்த பெட்டிகள் கடல் தாண்டின. இன்று இங்கே ஹெரால்ட் வைத்திருப்பவர் பட்டைக்கும் புஷ்ஷுக்கும் அதே நாட்டின் கடைகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. வேதனையான செய்தி இது.

அப்படி வரவழைக்கும்போது முதலில் வாங்க வேண்டியது பட்டையே அல்ல, முன்சக்கரத்தின் ட்ரன்னியன். நிமிர்ந்து நிற்கும் இணைப்புத் தண்டின் மரை இந்த வெண்கலக் கட்டைக்குள் திரும்பித்தான் ஸ்டியரிங் வேலை செய்கிறது. லண்டன் பக்கத்து ஆல்ஃபர்ட் அண்ட் ஆல்டர் நிறுவனம் செய்த இந்தப் பாகம் அவ்வளவு இலேசாகவும் உறுதியாகவும் இருந்ததால் லோட்டஸ் எலான் வரை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதற்கு கிரீஸ் கூடாது, ஈ.பி.90 கியர் ஆயில்தான் போட வேண்டும் என்று தயாரிப்பாளர் கையேடு சொன்னது. கிரீஸ் கன்னைப் பார்த்துப் பழகிய கைகள் எல்லா நாட்டிலும் அங்கே கிரீஸைத்தான் அடைத்தன. கிரீஸ் மரைக்குள் இறங்காது, தண்ணீர் இறங்கும். தேய்ந்து துருப்பிடித்த தண்டு ஒருநாள் திரும்பும்போது முறியும், முன்சக்கரம் பக்கவாட்டில் சாயும். தாழ்த்தி, விறைத்த வில் போட்ட காரில் அந்தத் தண்டின் மேல் விழும் உதை இன்னும் அதிகம். இடதும் வலதும் எதிரெதிர் மரை என்பதால் மாற்றிப் போட்டுவிடாமல் பார்ப்பதும் வேண்டும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். காரை இரண்டு அங்குலம் இறக்கினால் ஷாக் அப்சார்பரும் அதற்கேற்ப மடங்கியே நிற்கும். ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடிமுட்டி, உதை முழுவதும் அதன் தலைக்கே போகும். ஆகவே மூடிய நீளம் குறைவானதாக, விறைத்த வில்லின் துள்ளலை அடக்கும் அளவு இறுக்கமானதாக வேண்டும். கோனி, ஸ்பாக்ஸ் போன்ற பெயர்கள் இந்தக் காரணத்துக்காகத்தான் ஸ்பிட்ஃபயர்க்காரர்களின் வாயில் அடிபடுகின்றன. ஹெரால்ட் இந்தியாவுக்கு வந்த அதே 1961இல் தொடங்கிய கேப்ரியல் இந்தியா போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் சரக்கில் நீளமும் கண் புஷ்ஷின் அளவும் பொருந்துவதைத் தேடுவோரும் உண்டு. அளந்து பார்த்து வாங்கினால் அது தவறில்லை; ‘கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்’ என்று வாங்கினால் தவறு. புஷ்ஷில் ரப்பரை விட்டுப் பாலியூரத்தேனுக்குப் போவது பந்தயத்துக்குச் சரி. சாலைக்கு ரப்பரே மேல். பழைய சேசிஸுக்கு அந்த மென்மை தேவை.

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதைச் சாலைதான் சொல்லும். இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட நீண்ட வளைவாக இருக்க வேண்டும். ஹெரால்டின் முன்பின் சக்கர இடைவெளி ஏறக்குறைய 2.3 மீட்டர். ஆகவே நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும். அடிவயிற்றுக்குக் குறைவது நான்கு சென்டிமீட்டர்தான். ஊருக்கு ஊர் போட்டிருக்கும் குறுகலான, செங்குத்தான தடைகளில் கதை வேறு. முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் ஏறாத நேரத்தில் மேட்டின் முழு உயரமும் அடிவயிற்றுக்குத்தான். ஹெரால்டில் அந்த இடத்தில் தொங்குவது சைலன்சர் குழாயும் சேசிஸ் தண்டும்.

நெல்லை – தென்காசிச் சாலை நான்கு வழியாக விரிந்தபின் இன்னொரு மாற்றம் நேர்ந்திருக்கிறது. பழைய இருவழிச் சாலையில், கேரளா நோக்கிக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் டிப்பர்களுக்குப் பின்னால், எந்தக் காரும் ஓடிய வேகம் கொஞ்சம்தான். பின்அச்சின் குணம் வெளிப்படாது. அகன்ற சாலையில் கார் வேகம் எடுக்கும். சாரல் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குற்றாலத்துக்குப் போகும் கூட்டத்தோடு ஈரச்சாலையில் அந்த வேகம் சேரும்போது, பட்டை ஏற்றி உயர்த்திய ஹெரால்டைவிட அளவாகத் தாழ்த்திய ஹெரால்ட் பத்திரமானது. பின்பக்கம் ஒன்று, ஒன்றரை அங்குலத்துக்கு மேல் போகாமல், சக்கரத்தின் மேல்விளிம்பு ஒன்றிரண்டு டிகிரி உட்சாய்ந்தால் போதும். அதற்கு மேல் தாழ்த்தினால் டயரின் உள்ஓரம் தேயும், மேலே சொன்ன தடைகளில் அடி தட்டும்.

சட்டமும் பார்க்க வேண்டியதே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2021இல் வந்த பழங்கால வாகன விதிகள் 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துடன் தனிப் பதிவு எண் வழங்குகின்றன; கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும் ஓட்டலாம். 1960களின் ஹெரால்ட் எல்லாமே இந்த வயதைத் தாண்டிவிட்டது. சேசிஸை அறுக்காத, கழற்றி எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றம்தான் அப்படிப்பட்ட காருக்குப் பொருத்தம். அந்தக் கணக்கில் பிளாக்கும் நீண்ட ஸ்டட்டும் தேறும், கழற்றிய அசல் பட்டைக்கட்டை எண்ணெய் தடவிக் காப்பாற்றி வைத்தால் ஊசல் பட்டையும் தேறும். கேஸ் வைத்து அறுத்த சுருள் வில் தேறாது.